பழைய கணினியில் புதிய கிராபிக்ஸ் கார்டு: கோளாறு எந்தக் கட்டத்தில் என்று கண்டறியும் முறை

ஏழெட்டு ஆண்டுகள் உழைத்த மேசைக் கணினியில் புதிய கிராபிக்ஸ் கார்டைப் பொருத்திப் பவர் பட்டனை அழுத்திய பிறகும் மானிட்டர் கறுப்பாகவே இருந்தால், கார்டு பழுது என்ற முடிவுக்குத்தான் பெரும்பாலோர் எடுத்த எடுப்பில் வருகிறார்கள். அப்படியும் இருக்கலாம். ஆனால் பழைய கணினிகளில் பவர் சப்ளை, பயாஸ் (கணினியைத் தொடக்கும் மதர்போர்டின் அடிப்படை நிரல்), கேபிள், டிரைவர் (கார்டை இயக்க விண்டோஸுக்கு உதவும் மென்பொருள்) ஆகிய நான்கில் ஒன்று காரணமாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். ஆகவே கார்டைத் திருப்பி அனுப்புவதற்கு முன் கவனிக்க வேண்டியது, கணினி எதுவரை வந்து நிற்கிறது என்பதைத்தான். உள்ளே எந்த அசைவும் இல்லையா, ஃபேன் சுழன்றும் படம் வரவில்லையா, பயாஸ் திரை வந்து விண்டோஸ் வரவில்லையா, டிரைவரை நிறுவியதும் திரை மறைகிறதா, எல்லாம் ஒழுங்காக வந்து விளையாட்டைத் தொடங்கியதும் அணைந்துபோகிறதா? ஒவ்வொரு கட்டத்துக்கும் காரணங்கள் வேறு. நிற்கும் இடம் தெரிந்துவிட்டால், பார்க்க வேண்டிய உறுப்புகள் இரண்டு மூன்றாகக் குறைந்துவிடும்.

வேலையைத் தொடங்குமுன் பழைய கார்டைப் பத்திரமாக எடுத்துவையுங்கள். புதியதைப் போட்டுப் படம் வராதபோது, பழையதை மீண்டும் பொருத்திப் பார்ப்பதைவிடத் தெளிவான சோதனை வேறில்லை. பழைய கார்டில் படம் வந்தால் மானிட்டரும் மதர்போர்டும் ரேமும் நலமாக உள்ளன என்று பொருள். அதிலும் வரவில்லையென்றால் கார்டை மாற்றும்போது வேறு எதுவோ கலைந்திருக்கிறது. ரேம் குச்சியோ பவர் ஒயரோ கை பட்டுத் தளர்ந்திருப்பது சாதாரணமாக நடப்பது. விண்டோஸில் பிட்லாக்கர் என்ற டிஸ்க் பூட்டு போட்டிருந்தால், பயாஸ் அமைப்புகளைத் தொடுவதற்கு முன் அதன் மீட்புக் குறியீட்டைத் தனியாக எழுதிவையுங்கள். செக்யூர் பூட் (நம்பகமான நிரல்களை மட்டும் தொடங்கவிடும் பாதுகாப்பு) போன்ற ஓர் அமைப்பை மாற்றியதும் கணினி அந்த 48 இலக்க எண்ணைக் கேட்கலாம். அது கையில் இல்லாவிட்டால் கார்டுப் பிரச்சினை தரவுப் பிரச்சினையாக மாறிவிடும்.

இடம் போதுமா என்பதைக் கார்டு வாங்கும் முன்பே அளந்திருக்க வேண்டும். கார்டின் நீளத்தை மட்டும் பார்ப்பவர்கள் அதன் தடிமனை மறந்துவிடுகிறார்கள். இன்றைய கார்டுகள் பலவும் இரண்டு ஸ்லாட் அகலத்தையோ அதற்கு மேலோ அடைத்துக்கொள்வதால், பக்கத்திலுள்ள சிறிய ஸ்லாட்டில் வைஃபை கார்டோ சவுண்டு கார்டோ இருந்தால் அதற்கு இடமிருக்காது. பழைய கேபினட்டுகளில் முன்பக்கத்து ஹார்ட் டிஸ்க் கூண்டு கார்டின் முனையில் இடிக்கும். சில மதர்போர்டுகளில், ஹார்ட் டிஸ்க்கை இணைக்கும் சாட்டா கேபிள் செருகும் இடங்கள் கார்டுக்கு நேர்கீழே வந்துவிடும். அங்கே கேபிளைப் பலவந்தமாக மடக்கினால், கார்டு நன்றாக வேலை செய்யும். ஹார்ட் டிஸ்க் மட்டும் காணாமல் போகும். ஒல்லியான அலுவலகக் கணினிகளுக்கு உயரம் குறைந்த கார்டுதான் பொருந்தும். அதற்கான குட்டைத் தகடு பெட்டியில் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்த அசைவும் இல்லை, அல்லது ஒரு நொடி சுழன்று நின்றுவிடுகிறது

பவர் பட்டனை அழுத்தியதும் எதுவும் நடக்கவில்லை, அல்லது ஃபேன் ஒருமுறை துடித்துவிட்டு நின்றுபோகிறது என்றால், பவர் சப்ளை தன்னைக் காத்துக்கொள்ள அணைந்திருக்கிறது என்றே முதலில் கொள்ள வேண்டும். மின்சாரத்தைத் துண்டித்து, பவர் பட்டனைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்து எஞ்சிய மின்னை வெளியேற்றிய பிறகு, கார்டை எடுத்துவிட்டுத் தொடங்கிப் பாருங்கள். கார்டு இல்லாமல் கணினி எழுகிறது, இருந்தால் எழவில்லை என்றால் காரணம் மின்சாரத்திலோ கார்டிலோ இருக்கிறது.

இங்கே சில எண்களைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் ஒரு கிராபிக்ஸ் கார்டுக்கு அதிகபட்சம் 75 வாட் தரும். அதற்கு மேல் தேவைப்படும் கார்டுகளின் மேல்விளிம்பில் தனி மின் இணைப்பு இருக்கும்: 6 பின் இணைப்பு 75 வாட்டுக்கும், 8 பின் இணைப்பு 150 வாட்டுக்கும் கணக்கிடப்பட்டவை. புதிய உயர்தர என்விடியா கார்டுகளில் வரும் 16 பின் இணைப்பு 600 வாட் வரை எடுக்கக்கூடியது. ஆனால் பழைய கணினியில் அந்த வகைக் கார்டைப் பொருத்த நினைப்பவர் பவர் சப்ளையையும் சேர்த்து மாற்றத் தயாராக இருக்க வேண்டும். தனி இணைப்புள்ள கார்டில் அதைச் செருக மறந்துவிட்டால், கார்டின் ஃபேன் முழு வேகத்தில் இரையலாம், திரையில் எச்சரிக்கை தோன்றலாம், அல்லது ஒன்றுமே தெரியாமல் கறுப்பாகவே நிற்கலாம். இது ஆரம்பக்காரர்கள் செய்யும் தவறு என்று ஒதுக்கிவிட வேண்டாம். இரண்டு இணைப்புள்ள கார்டில் ஒன்றை மட்டும் செருகிவிட்டு மற்றதைத் தேடாதவர்கள் அனுபவசாலிகளிலும் உண்டு.

பவர் சப்ளையின் மேல் ஒட்டியிருக்கும் லேபிளில் பெரிய எழுத்தில் அச்சாகியிருக்கும் வாட் கணக்கை நம்பி வாங்கக் கூடாது. பார்க்க வேண்டியது 12 வோல்ட் வரிசை. கிராபிக்ஸ் கார்டும் பிராசசரும் ஏறத்தாழ முழுவதும் அந்த வரிசையிலிருந்தே மின்சாரம் எடுக்கின்றன. உதாரணமாக, 450 வாட் என்று எழுதியுள்ள ஒரு மலிவான பவர் சப்ளையில் 12 வோல்ட்டுக்கு நேரே 18 ஆம்பியர் என்று மட்டும் இருந்தால், 12-ஐ 18-ஆல் பெருக்கக் கிடைக்கும் 216 வாட்தான் உண்மையில் கையில் இருப்பது. பழைய 95 வாட் பிராசசர், ஹார்ட் டிஸ்க், ஃபேன்கள், மதர்போர்டு ஆகியவற்றுக்கு 140 வாட் போனால் மிஞ்சுவது 76 வாட். அதில் ஜிஃபோர்ஸ் ஜிடிஎக்ஸ் 1650 போன்ற 75 வாட் கார்டே விளிம்பில்தான் நிற்கும். 170 வாட் எடுக்கும் ஆர்டிஎக்ஸ் 3060 நினைத்தே பார்க்க முடியாதது. லேபிளில் 12 வோல்ட் இரண்டு வரிசைகளாகப் பிரித்துக் காட்டப்பட்டிருந்தால் இரண்டையும் கூட்டிவிடக் கூடாது. இரண்டும் சேர்ந்து தரக்கூடிய உச்ச அளவு அதே லேபிளில் தனியாக எழுதப்பட்டிருக்கும். அந்த எண்ணே கணக்குக்கு உதவும். இதோடு வயதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பல ஆண்டுகள் வெப்பத்தில் உழைத்த பவர் சப்ளையின் கெபாசிட்டர்கள், புதிதாக இருந்தபோது தாங்கிய திடீர்ச் சுமையை இப்போது தாங்குவதில்லை.

பவர் சப்ளையில் 6 பின் ஒயரே இல்லாதபோது சாட்டா இணைப்பிலிருந்து 6 பின்னாக மாற்றும் சிறிய அடாப்டரை வாங்கிப் போடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. இதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. ஒரு சாட்டா பவர் இணைப்பில் 12 வோல்ட்டுக்கு மூன்று பின்கள் உள்ளன, ஒவ்வொன்றும் 1.5 ஆம்பியர் வீதம் மொத்தம் 54 வாட்டுக்குத்தான் வடிவமைக்கப்பட்டது. அதிலிருந்து 75 வாட் இழுத்தால் பிளாஸ்டிக் உருகுவதற்கும் தீப்பிடிப்பதற்கும் வழி திறந்துவிடுகிறோம். 6 பின் ஒயர் இல்லாத பவர் சப்ளை அந்தக் கார்டுக்கு உரியதல்ல என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

இன்னொரு ஆபத்து, பிராசசருக்கான 8 பின் இணைப்பும் கார்டுக்கான 8 பின் இணைப்பும் பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றுவது. இரண்டிலும் மின்னோட்டத் திசை எதிரெதிராக அமைந்திருப்பதால், மாற்றிச் செருகினால் ஷார்ட் ஆகும். பிராசசர் ஒயர் நான்கு நான்காகப் பிரியும்; கார்டு ஒயர் ஆறும் இரண்டுமாகப் பிரியும். செருகும்போது சாவிபோல் வெட்டிய மூலைகள் ஒத்துப்போகவில்லையென்றால் அழுத்தாதீர்கள். ஒயர்களைத் தனியே கழற்றி மாட்டக்கூடிய மாடுலர் வகைப் பவர் சப்ளையாக இருந்தால், வேறொரு பவர் சப்ளையின் ஒயரை இதில் பயன்படுத்தவே கூடாது. செருகி ஒன்றுபோல் இருந்தாலும் உள்ளே பின் வரிசை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்.

பெரிய நிறுவனங்களின் முழுக் கணினிகளில் வேறொரு சிக்கல் உண்டு. அவற்றில் பவர் சப்ளையின் வடிவமும் மதர்போர்டுக்குப் போகும் இணைப்பும் அந்த நிறுவனத்துக்கே உரியவையாக இருக்கக்கூடும். சாதாரண பவர் சப்ளையை வாங்கி வந்தபின் திருகு ஓட்டையும் பொருந்தாது, இணைப்பும் பொருந்தாது. பழைய பவர் சப்ளையைக் கழற்றிப் பார்த்துவிட்டு வாங்குவதே சரி. மாற்ற வழியில்லாத கணினிகளில், தனி மின் இணைப்பு கேட்காத 75 வாட்டுக்கு உட்பட்ட கார்டோடு நிறுத்திக்கொள்வதுதான் விவேகம்.

ஃபேன் சுழல்கிறது, படம் வரவில்லை

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இந்தக் கட்டத்தில்தான். காரணங்களும் இங்கேதான் அதிகம்.

முதலில் கணினியின் பின்பக்கத்தைப் பாருங்கள். மானிட்டர் கேபிள் மதர்போர்டின் பழைய துளையிலேயே இருந்தால் பல கணினிகளில் படம் வராது. தனிக் கார்டு இருப்பதைக் கண்டதும் உள்ளமைந்த கிராபிக்ஸை பயாஸ் அணைத்துவிடுகிறது. கேபிளைக் கார்டின் துளைக்கு மாற்றி, மானிட்டரின் மெனுவில் சரியான உள்ளீட்டைத் தேர்ந்தெடுத்துவிட்டு மேலே படியுங்கள்.

பழைய மானிட்டரில் விஜிஏ துளை மட்டும் இருந்தால் கதை வேறு. என்விடியா தன் ஜிடிஎக்ஸ் 10 வரிசையிலிருந்து அனலாக் சமிக்ஞையை நிறுத்திவிட்டது. அதிலுள்ள டிவிஐ துளை டிஜிட்டல் மட்டுமே. ஆகவே டிவிஐயிலிருந்து விஜிஏவுக்கு மாற்றும் பழைய சிறிய தலையை அதில் செருக முடியாது. அதற்குரிய நான்கு பின் ஓட்டைகளே அங்கே இருக்காது. டிஜிட்டலை அனலாக்காக மாற்றும் சில்லு உள்ள அடாப்டர்தான் வேண்டும். அப்படிப்பட்ட அடாப்டர்களிலும் மலிவானவை சில, பயாஸ் திரையில் படத்தைக் காட்டாமல் விண்டோஸ் வந்த பிறகே காட்டும். இதைப் போலவே, டிஸ்பிளே போர்ட்டிலிருந்து எச்டிஎம்ஐக்குப் போகும் சாதாரணக் கேபிளைத் தலைகீழாகப் பயன்படுத்த முடியாது. கார்டில் எச்டிஎம்ஐ, மானிட்டரில் டிஸ்பிளே போர்ட் என்றால் மின்சாரம் எடுத்து மாற்றும் தனி அடாப்டர் தேவை. சோதனைக்காலத்தில் மட்டுமாவது எந்த அடாப்டரும் இல்லாமல் எச்டிஎம்ஐ கேபிளால் ஒரு டிவியிலோ வேறு மானிட்டரிலோ இணைத்துப் பாருங்கள். அடாப்டரைச் சந்தேகப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டாலே பாதி வேலை முடிந்துவிடும்.

அடுத்தது கார்டு அமர்ந்திருக்கும் விதம். கேபினட்டின் பின்தகடு சற்றே வளைந்திருந்தால், திருகை முறுக்கும்போது கார்டின் முன்முனை ஸ்லாட்டிலிருந்து ஒரு மில்லிமீட்டர் எழும்பிவிடும், பார்த்தால் தெரியாது. திருகைக் கழற்றி, கணினியைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, ஸ்லாட்டின் கோடியிலுள்ள கொக்கி 'க்ளிக்' என்று விழும்வரை கார்டை அழுத்திவிட்டுப் பிறகு திருகுங்கள். பழைய கணினியின் ஸ்லாட்டில் ஆண்டுக்கணக்கான தூசி படிந்திருக்கும். காற்றடித்துச் சுத்தம் செய்யலாம். பயன்படுத்திய கார்டாக இருந்தால் அதன் தங்க நிறப் பற்களை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து உலரவிடலாம்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் திரை கறுப்பு என்றால், கணினி உள்ளே உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க ஒரு சுலபமான வழி உண்டு. தொடங்கிய அரை நிமிடத்தில் விசைப்பலகையில் நம் லாக் (Num Lock) விசையை அழுத்துங்கள். அதன் சிறிய விளக்கு அணைந்து எரிந்தால் பிராசசரும் ரேமும் பயாஸும் தங்கள் வேலையைச் செய்துகொண்டிருக்கின்றன. படம் மட்டும்தான் வெளியே வரவில்லை. விளக்கு அசையவில்லையென்றால் கணினி அதற்கு முன்பே நின்றுவிட்டது. மதர்போர்டில் குட்டி ஸ்பீக்கர் இருந்தால் பீப் ஒலியையும் கேளுங்கள். பழைய அவார்டு பயாஸில் ஒரு நீண்ட ஒலியும் இரண்டு குறுகிய ஒலியும் வந்தால் கிராபிக்ஸ் கார்டில் குறை என்று பொருள். மற்ற பயாஸ்களில் ஒலிகளின் பொருள் மாறும் என்பதால் மதர்போர்டின் கையேட்டைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

உயிர் இருக்கிறது, படம் இல்லை என்றால் அடுத்த சந்தேகம் பயாஸ். விண்டோஸும் டிரைவரும் வருவதற்கு முன்பே திரையில் எழுத்து தெரிய வேண்டுமானால், கார்டுக்குள் இருக்கும் ஒரு சிறிய நிரலை மதர்போர்டு ஓட்ட வேண்டும். அந்த நிரலுக்கு இரண்டு வடிவங்கள் உண்டு: பழைய பயாஸுக்கான மரபு வடிவம் ஒன்று, பயாஸின் புதிய வடிவமான யூஇஎஃப்ஐக்கான வடிவம் மற்றொன்று. 2012-ல் விண்டோஸ் 8 வந்ததை ஒட்டித்தான் யூஇஎஃப்ஐயும் செக்யூர் பூட்டும் மேசைக் கணினிகளில் பரவலாயின. அந்த மாற்றக் காலத்தில் வெளிவந்த மதர்போர்டுகளில் புதிய கார்டுகளோடு உரசல் அதிகம். புதிய கார்டுகள் பெரும்பாலும் இரண்டு வடிவங்களையும் சுமந்து வந்தாலும், பழைய பயாஸ் அவற்றைச் சரியாகப் படிக்காமல் திணறுவதுண்டு. எதிர்த்திசையிலும் இதே சிக்கல் வரும்: யூஇஎஃப்ஐ வடிவம் இல்லாத பழைய கார்டை, மரபு வடிவத்தை ஓட்டவிடும் சிஎஸ்எம் என்ற இணக்க அமைப்பு அணைக்கப்பட்ட கணினியில் போட்டால் படம் வராது.

தீர்வுக்குப் பழைய கார்டையோ உள்ளமைந்த கிராபிக்ஸையோ வைத்துக் கணினியைத் தொடங்கி பயாஸுக்குள் செல்லுங்கள். முதன்மைத் திரை எது என்று கேட்கும் அமைப்பு ஒன்று இருக்கும். அது உள்ளமைந்த கிராபிக்ஸில் நிலைத்திருந்தால் பிசிஐ எக்ஸ்பிரஸுக்கு மாற்றுங்கள். சிஎஸ்எம் அணைந்திருந்தால் இயக்கிப் பாருங்கள்; பல கணினிகளில் செக்யூர் பூட்டை அணைத்த பிறகே சிஎஸ்எம்மை இயக்க முடியும். ஆனால் இரண்டு எச்சரிக்கைகள். விண்டோஸ் எந்த முறையில் நிறுவப்பட்டதோ அதே முறையில்தான் தொடங்கும். எம்பிஆர் என்ற பழைய முறையில் பிரிக்கப்பட்ட டிஸ்க்கில் விண்டோஸ் இருக்கும்போது சிஎஸ்எம்மை முற்றிலும் அணைத்தால், படம் வரும், விண்டோஸ் வராது. இரண்டாவது, ஒரே நேரத்தில் நான்கு அமைப்புகளை மாற்றாதீர்கள். எது பலன் தந்தது என்றும் எது கெடுத்தது என்றும் பிறகு தெரியாது.

அமைப்பால் தீராவிட்டால் பயாஸைப் புதுப்பிக்க வேண்டும். மதர்போர்டின் மீது அச்சிட்டிருக்கும் மாடல் பெயரையும் ரிவிஷன் எண்ணையும் படித்து, தயாரித்த நிறுவனத்தின் பக்கத்திலிருந்து அதற்கே உரிய கோப்பை மட்டும் எடுங்கள். பழைய கார்டில், மின்வெட்டு வராத நேரத்தில் இதைச் செய்வது முக்கியம். பாதியில் மின்சாரம் போனால் மதர்போர்டே எழாமல் போகலாம். புதுப்பித்த பிறகு சிமோஸை (பயாஸ் அமைப்புகள் பதிந்திருக்கும் நினைவகத்தை) அழித்து, அமைப்புகளை மீண்டும் உள்ளிடுங்கள். பத்து வருடக் கணினியில் சிஆர்2032 பொத்தான் பேட்டரியையும் அப்போதே மாற்றிவிடலாம். அது தீர்ந்திருந்தால் நீங்கள் மாற்றிய அமைப்பு எதுவும் மின்சாரத்தைத் துண்டித்த பின் நிலைக்காது.

என்விடியாவின் மேக்ஸ்வெல், பாஸ்கல் என்ற முந்தைய தலைமுறைக் கார்டுகளுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். டிஸ்பிளே போர்ட் 1.3 அல்லது 1.4 மானிட்டரை இணைத்தால் விண்டோஸ் வரும்வரை திரை கறுப்பாக இருக்கும் குறை சில கார்டுகளில் இருந்தது. கார்டுக்குள் இருக்கும் நிரலான நிலைப்பொருளைப் புதுப்பிக்கும் ஒரு கருவியை நிறுவனமே வெளியிட்டது. பயன்படுத்திய கார்டு வாங்கியவர்கள் எச்டிஎம்ஐயில் படம் வந்து டிஸ்பிளே போர்ட்டில் வராவிட்டால் இதை நினைவில் கொள்ளலாம்.

விண்டோஸ் வருகிறது, டிரைவர் ஒத்துழைக்கவில்லை

பயாஸ் திரை தெளிவாக வந்துவிட்டது என்றால் கார்டும் மின்சாரமும் அடிப்படையில் சரி. இனிப் பார்க்க வேண்டியது மென்பொருள். பழைய கார்டின் டிரைவர் எச்சங்கள் புதிய டிரைவரோடு மோதுவது, குறிப்பாக ஏஎம்டியிலிருந்து என்விடியாவுக்கோ மறுதிசையிலோ மாறியவர்களுக்கு, வழக்கமான காரணம். இணையத்தைத் துண்டித்து, விண்டோஸை அடிப்படை டிரைவர்களோடு மட்டும் தொடங்கும் சேஃப் மோடில் நுழைந்து, டிஸ்பிளே டிரைவர் அன்இன்ஸ்டாலர் என்ற இலவசக் கருவியால் பழையதை முழுமையாக நீக்குங்கள். இணையத்தைத் துண்டிக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு: நீங்கள் நீக்கிய உடனே விண்டோஸ் அப்டேட் தன்னிடமுள்ள ஏதோவொரு டிரைவரைக் கேட்காமலே நிறுவிவிடும். புதிய டிரைவரை முன்கூட்டியே இறக்கிவைத்துக்கொண்டு, சாதாரண முறையில் தொடங்கியதும் நிறுவுங்கள்.

இயங்குதளத்தின் வயதும் இங்கே குறுக்கே நிற்கும். என்விடியா 2021 அக்டோபரோடு விண்டோஸ் 7, 8.1 ஆகியவற்றுக்கான புதிய கேம் ரெடி டிரைவர்களை நிறுத்தியது. 32 பிட் விண்டோஸுக்கு அதற்கு முன்பே, 2018-லேயே நிறுத்திவிட்டது. ஏஎம்டியும் 2021-ல் விண்டோஸ் 7-ஐக் கைவிட்டது. அதற்குப் பின் வந்த ஆர்டிஎக்ஸ் 40 வரிசைக் கார்டை விண்டோஸ் 7 கணினியில் போட்டால் படம் மட்டும் தெரியும். கார்டின் திறன் எதுவும் கிடைக்காது. விண்டோஸ் 10-க்கான மைக்ரோசாஃப்டின் பொது ஆதரவும் 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது என்பதால், கார்டை மாற்றும்போதே இயங்குதளத்தைப் பற்றியும் யோசிக்க வேண்டியிருக்கிறது.

டிவைஸ் மேனேஜரில் கார்டின் பெயருக்குப் பதில் 'மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்பிளே அடாப்டர்' என்று இருந்தால் டிரைவர் ஏறவில்லை. மஞ்சள் முக்கோணத்தோடு குறியீடு 43 வந்தால், சாதனம் தானே பிழை அறிவித்ததால் விண்டோஸ் அதை நிறுத்திவைத்திருக்கிறது. டிரைவரைச் சுத்தமாக நீக்கி நிறுவிய பின்னும் அது தொடர்ந்தால் கார்டைச் சந்தேகிக்கலாம். பயன்படுத்திய கார்டாக இருந்தால், முன்பு வைத்திருந்தவர் அதன் உள் நிரலான வீடியோ பயாஸை மாற்றியிருக்கக்கூடும். குறியீடு 12 என்றால் கார்டுக்குத் தேவையான முகவரி இடத்தைப் பழைய மதர்போர்டால் ஒதுக்க முடியவில்லை. பயாஸ் புதுப்பிப்பும், அதிலுள்ள 4 ஜிபிக்கு மேற்பட்ட முகவரிக்கான அமைப்பும் உதவலாம்.

விளையாட்டைத் தொடங்கியதும் விழுகிறது

சுமை ஏறும்போது மட்டும் வரும் கோளாறுகளில், விழும் விதத்தைக் கவனிப்பதுதான் பாதி நோயறிதல். கணினி முழுவதுமாக, ஸ்விட்சைத் தட்டியதுபோல அணைந்தாலோ தானே மறுதொடக்கம் ஆனாலோ பவர் சப்ளையை முதலில் சந்தேகியுங்கள். விண்டோஸின் ஈவன்ட் வியூவரில் கெர்னல் பவர் 41 என்ற பதிவு இருக்கும். அது காரணத்தைச் சொல்லாது. ஒழுங்காக அணையவில்லை என்பதை மட்டும் சொல்லும். அந்தப் பதிவைப் பார்த்து விண்டோஸை மறுபடி நிறுவுவது வீண் உழைப்பு. மாறாக, திரை ஒரு கணம் கறுத்துவிட்டுத் திரும்பி, விளையாட்டு மட்டும் மூடிக்கொண்டால், டிஸ்பிளே டிரைவர் பதில் தராமல் மீட்கப்பட்டது என்ற 4101 எண் பதிவைத் தேடுங்கள். அது டிரைவரையோ, கார்டின் ஓவர்கிளாக்கையோ (இயல்பை மீறிக் கூட்டிய வேகத்தையோ), சிலவேளை மின்சாரத் தடுமாற்றத்தையோ காட்டும்.

பவர் சப்ளையா கார்டா என்று பிரித்தறிய, கார்டின் மின் வரம்பை மென்பொருளால் குறைத்துப் பார்க்கலாம். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் போன்ற கருவியில் பவர் லிமிட்டை 70 சதவீதத்துக்கு இறக்கிவிட்டு அதே விளையாட்டை ஓட்டுங்கள். வேகம் சற்றுக் குறைந்து, கணினி விழாமல் நின்றால் பெரும்பாலும் பவர் சப்ளைதான் தாங்கவில்லை. குறைத்த பின்னும் அதே நேரத்தில் விழுந்தால் வெப்பத்தையும் கார்டையும் பாருங்கள். பழைய கேபினட்டில் காற்று போகும் வழி குறைவு. சூட்டை உள்ளேயே கொட்டும் கார்டுகளுக்கு அது போதாது. பக்கவாட்டுத் தகட்டைத் திறந்துவைத்து அரை மணி நேரம் ஓட்டியதில் கார்டின் வெப்பநிலை பத்து டிகிரி போல இறங்கினால், பின்பக்கம் வெளியேற்றும் ஃபேன் ஒன்றும் முன்பக்கம் உள்ளிழுக்கும் ஃபேன் ஒன்றும் சேர்ப்பதே மருந்து.

விளையாட்டில் வண்ணக் கட்டங்களும் கோடுகளும் சிதறினால் ஓவர்கிளாக்கை நீக்கி, டிரைவரை மாற்றிப் பார்க்கலாம். அதே சிதறல் பயாஸ் திரையிலும் தெரிந்தால், கேபிளை மாற்றியும் போகாவிட்டால், கார்டின் மெமரி கெட்டுவிட்டது என்றே கொள்ள வேண்டும். பயாஸ் திரை வரும் கட்டத்தில் டிரைவரே ஏற்றப்பட்டிருக்காது, ஆகவே அதைக் குறை சொல்ல முடியாது.

எல்லாம் ஓடுகிறது, வேகம்தான் இல்லை

இதைக் கோளாறு என்று சொல்வதா என்பதே கேள்வி. ஆனாலும் பழைய கணினியில் கார்டு மாற்றியவர்களின் மிகப் பெரிய ஏமாற்றம் இதுதான் என்பதால் சொல்லியாக வேண்டும். ஜிபியு இசட் என்ற சிறிய கருவியைத் திறந்து, கார்டு எத்தனை லேனில் (தரவு போகும் பாதைகளில்), பிசிஐ எக்ஸ்பிரஸின் எந்தத் தலைமுறையில் ஓடுகிறது என்று பாருங்கள். கணினி சும்மா இருக்கும்போது மின்சாரத்தை மிச்சப்படுத்த தலைமுறை 1.1 என்று இறங்கிக் காட்டும். அதைக் கண்டு கலங்க வேண்டாம். பக்கத்திலிருக்கும் கேள்விக்குறியை அழுத்திச் சோதனையை ஓட்டினால் உண்மையான எண் தெரியும். 16 லேன் இருக்க வேண்டிய இடத்தில் 4 அல்லது 1 என்று நின்றால் கார்டு சரியாக அமரவில்லை, அல்லது இரண்டாவது நீள ஸ்லாட்டில் இருக்கிறது. பல மதர்போர்டுகளில் அந்த இரண்டாவது ஸ்லாட்டின் நீளம் வெறும் தோற்றம். உள்ளே நான்கு லேன்களுக்குத்தான் ஒயரிங் இருக்கும்.

கார்டே குறைந்த லேன்களோடு வருவதும் உண்டு. ரேடியான் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி, ஆர்எக்ஸ் 6400 ஆகியவை நான்கு லேன்களை மட்டுமே பயன்படுத்துகின்றன. அவை பிசிஐ எக்ஸ்பிரஸ் 4.0 ஸ்லாட்டை எண்ணிச் செய்யப்பட்டவை. லேன் ஒன்றுக்கு 2.0-ல் நொடிக்கு 500 எம்பியும், 3.0-ல் ஏறத்தாழ 985 எம்பியும், 4.0-ல் அதன் இரு மடங்கும் போகும் என்று வைத்துக் கணக்கிட்டால், 2.0 ஸ்லாட்டுள்ள கணினியில் அந்தக் கார்டுக்கு மொத்தமே நொடிக்கு 2 ஜிபிதான் பாதை. கார்டின் சொந்த மெமரி பெரும்பாலும் 4 ஜிபியே என்பதால் அது நிரம்பும் விளையாட்டுகளில் திணறல் கண்கூடாகத் தெரியும். பழைய கணினிக்கு மலிவான புதிய கார்டு என்று இவற்றை வாங்குவதைவிட, 16 லேன் உள்ள சற்றுப் பழைய கார்டு பல நேரங்களில் நல்ல தேர்வு. இன்டெல் ஆர்க் கார்டுகளும் இதே எச்சரிக்கைக்கு உரியவை. அவை, கார்டின் மெமரி முழுவதையும் பிராசசர் ஒருசேர எட்டவிடும் ரீசைசபிள் பார் என்ற வசதியை நம்பி வடிவமைக்கப்பட்டவை. பழைய மதர்போர்டில் அது இல்லாதபோது வேகத்தில் பெரும்பகுதியை இழக்கின்றன.

பாதை சரியாக இருந்தும் வேகம் இல்லையென்றால் பிராசசரைப் பாருங்கள். விளையாட்டின் தெளிவுத்திறனை 1080-லிருந்து 720-க்குக் குறைத்து ஓட்டுங்கள். நொடிக்கு வரும் காட்சிகளின் எண்ணிக்கை உயர்ந்தால் சுமை கார்டின் மேல் இருக்கிறது. எண்ணிக்கை அசையாமல் அப்படியே நின்றால் கார்டு வேலைக்குக் காத்திருக்கிறது. பிராசசரால் ஊட்ட முடியவில்லை. டாஸ்க் மேனேஜரில் மொத்தப் பிராசசர் பயன்பாடு 50 சதவீதம்தான் காட்டுகிறதே என்று வாதிடுபவர்கள், ஒவ்வொரு கோரையும் தனித்தனியாகப் பார்க்கும் காட்சிக்கு மாற்றிப் பார்க்கட்டும். ஒரு கோர் 100-ல் முட்டி நிற்பது தெரியும். ரேம் ஒரே குச்சியாக இருந்தால், அதே வகையில் இன்னொன்றைச் சரியான ஸ்லாட்டில் சேர்த்து, இரண்டும் ஒரே நேரத்தில் தரவு தரும் இரட்டைச் சேனலாக்குவது செலவு குறைந்த முன்னேற்றம். அதற்கு மேலும் வேண்டுமென்றால் பிராசசரையும் மதர்போர்டையும் மாற்றாமல் வழியில்லை. அல்லது கார்டுக்கு வேலை கூடும்படி தெளிவுத்திறனையும் காட்சித் தரத்தையும் உயர்த்தி வைத்துக்கொண்டு, அதே எண்ணிக்கையில் இன்னும் நல்ல படத்தைப் பெறலாம்.

மேலே சொன்ன எதிலும் பிடிபடாத கோளாறு என்றால், கார்டை வேறொரு நல்ல கணினியில், போதிய பவர் சப்ளையோடு பொருத்திப் பாருங்கள். அங்கும் அதே குறை வந்தால் மட்டுமே கார்டைக் குற்றம் சொல்ல முடியும். பயன்படுத்திய கார்டாக இருந்தால் ஜிபியு இசட்டில் பெயருக்கு முன் 'ஃபேக்' என்ற சொல் வருகிறதா என்றும் பாருங்கள். ஜிடிஎக்ஸ் 550 டிஐ போன்ற பழைய கார்டுகளின் வீடியோ பயாஸை மாற்றிப் புதிய பெயரில் விற்பது தெரிந்த மோசடி. அவற்றுக்கு அந்தப் பெயருக்குரிய டிரைவர் ஏறாமல் போவதும், ஏறினால் கணினி நீலத் திரையில் விழுவதும் வழக்கம். உத்தரவாதத்துக்கு அனுப்புவதாக இருந்தால் கார்டின் சீரியல் எண், பவர் சப்ளையின் லேபிள், பிழைத் திரை ஆகிய மூன்றையும் படமெடுத்து, எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதையும் இரண்டாவது கணினியில் செய்த சோதனையின் முடிவையும் எழுதி இணைத்துவிடுங்கள்.